இரைச்சலை மறைத்து அனுப்பாதீர்கள்

வீட்டு அறையில் மைக் வைத்துப் பாடுகிற, டப்பிங் பேசுகிற, ஒலிநூல் வாசிக்கிற, பாட்காஸ்ட் நடத்துகிற உங்கள் எல்லோருக்கும்,



நீங்கள் அனுப்பும் குரல் கோப்புகள் மிக்சிங் மேசைக்கு வந்து சேரும்போது பல சமயம் அவற்றில் குரல் முழுதாக இருப்பதில்லை. இரைச்சலை எடுக்கிறேன் என்று மென்பொருள் வழித்ததில், வரியின் கடைசியில் நீங்கள் இழுத்து முடித்த ‘ம்’ போயிருக்கிறது. மூச்சு போயிருக்கிறது. கமகத்தின் வால் அறுந்திருக்கிறது. மிச்சமிருப்பது தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கிறது. இரைச்சலோடு வந்திருந்தால்கூட ஏதாவது செய்து பார்த்திருக்கலாம். இப்படி அரித்தெடுத்த குரலைத் திரும்பக் கொண்டுவர எந்த சவுண்ட் இன்ஜினியராலும் முடியாது.

நீங்கள் ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ‘ஓ, வீட்டு ரெக்கார்டிங்கா?’ என்று இழுத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நொடி ‘ங்ங்’ என்று கேட்டுவிட்டால் அடுத்த வாய்ப்பு வேறொருவருக்குப் போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஸ்டூடியோ வாடகையைத் தயாரிப்பாளர் மிச்சம் பிடித்தார். ஸ்டூடியோவில் நான்கு பேர் செய்துகொண்டிருந்த வேலை சம்பளமில்லாமல் உங்கள் தலையில் விழுந்தது. பாடவும் வேண்டும், கேபிளும் பார்க்க வேண்டும், அறையும் கட்ட வேண்டும், பிழை வந்தால் பழியும் உங்களுக்கே. இந்த அநியாயத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

வீட்டில் பதிவு செய்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. 1992இல் ‘ரோஜா’ வந்தபோது தமிழ்நாடே திரும்பிப் பார்த்த அந்த ஒலி, கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரகுமான் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் அமைத்திருந்த பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற சிறு ஸ்டூடியோவில் உருவானது. 2020இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கிய பில்லி ஐலிஷின் முதல் ஆல்பம், பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலிஸில் அவருடைய அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் பதிவானது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1982 தொடக்கத்தில் நியூ ஜெர்சியில் வாடகை வீடொன்றில், நான்கு டிராக் கேசட் ரெக்கார்டர் ஒன்றையும் ஷூர் எஸ்எம்57 மைக்குகளையும் வைத்துக்கொண்டு தனியாகப் பாடிப் பதிந்தார். மாதிரிக்காகப் பாடியதுதான். பிறகு முழு இசைக்குழுவோடு ஸ்டூடியோவில் முயன்றும் அந்த உயிர் வரவில்லை. கேசட்டே ஆல்பமாக வெளிவந்தது. ஆனால் அதை இசைத்தட்டாக வெட்டப் பொறியாளர்கள் படாத பாடு பட்டார்கள். பாட்டு பிழைத்தது, வேலை பல மடங்கானது. வீட்டில் பதிவானதற்காக யாரும் அந்த ஆல்பத்தைத் தள்ளிவைக்கவில்லை. பதிவின்போதே பிடித்திருக்கக்கூடிய கோளாறைப் பின்னால் இன்னொருவர் சுமக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே இந்த மடல் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இரைச்சல் வந்தால் அதை மூடாமல் பிடியுங்கள். எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு பணம் செலவழியுங்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கோளாறு என்று வாய் திறந்தாலே ‘மைக்கை மாத்துங்க’ என்கிறார்கள். மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ ஆல்பத்தில் ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் குரலுக்குப் பயன்படுத்தியது ஷூர் எஸ்எம்7 மைக் என்பது உண்மை. அதைக் கேட்டுவிட்டு அதே குடும்பத்து எஸ்எம்7பி மைக்கைக் கடன் வாங்கியாவது வாங்கியவர்கள் உங்களுக்குள் இருக்கிறார்கள். அந்த மைக் வெளியிடும் சமிக்ஞை மிகச் சிறியது. அதைப் பயன்படுத்தும் அளவுக்குத் தூக்க 60 டெசிபெல் அளவுக்குக் கெயின் தேவை. தொடக்கநிலை இன்டர்ஃபேஸ்களில் பல 50க்கும் 56க்கும் நடுவில் நின்றுவிடும். முழுவதும் திருகிவைத்தால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் எழும்பி வருகிறது. உடனே அந்த இரைச்சலுக்கு ஒரு ப்ளக்-இன், அது போதாமல் ஒரு பூஸ்டர், அதற்குமேல் புது இன்டர்ஃபேஸ். முதல் மைக்கில் என்ன கோளாறு இருந்தது என்று யாரும் பார்க்கவே இல்லை. பெரும்பாலும் அது மைக்கில் இருந்திருக்காது.

உங்களில் அதிகம் பேரைப் படுத்துவது ‘ஹம்’. அதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். ஹெட்ஃபோனை மாட்டி, வழக்கமாகப் பாடும் அளவுக்குக் கெயினை வைத்து, வாயைத் திறக்காமல் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளிலேயே அந்த வெற்றுப் பதிவின் ஸ்பெக்ட்ரத்தைப் பார்க்கலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 50இல் மட்டும் ஒரு மேடு எழுந்து நின்று, காதுக்கு ஆழமான ‘ங்ம்’ என்று கேட்டால், மைக் கேபிளோ கிட்டார் பிக்கப்போ பக்கத்திலிருக்கும் அடாப்டர் அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை வாங்கிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகியுங்கள். கிட்டாரைப் பிடித்தபடி நாற்காலியோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள். திசைக்குத் திசை இரைச்சல் ஏறி இறங்கினால் சந்தேகம் உறுதி. 100, 200, 300 என்று மேலே வரிசையாக மேடுகள் நின்று ‘ர்ர்ர்’ என்று கரகரத்தால் ஆள் வேறு. எங்கோ ஒரு பவர் சப்ளை, ஃபேன் ரெகுலேட்டர், எல்ஈடி விளக்கு அல்லது எர்த் பாதையில் சுற்றும் மின்னோட்டம்.

எது என்று கண்டுபிடிக்க இருப்பதிலேயே நேர்மையான சோதனைக்குச் செலவே கிடையாது. லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓடவிடுங்கள். யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கும் இன்டர்ஃபேஸாக இருந்தால் ரொம்ப நல்லது. ஸ்பீக்கர்களைக் கழற்றிவிடுங்கள். வீட்டில் சொல்லிவிட்டு மெயின் ஸ்விட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் மறக்காமல் அதையும் அணையுங்கள், இல்லையென்றால் சோதனையே வீண். இப்போது ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். இந்தப் பதிவிலும் ஹம் இருந்தால் கோளாறு உங்கள் மைக்கிலோ கேபிளிலோ இன்டர்ஃபேஸிலோ இருக்கிறது. வேறொரு கேபிளை மாட்டிப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். இரைச்சல் போய்விட்டிருந்தால் குற்றவாளி சுவருக்குள் இருக்கிறார். மெயினைப் போட்டு, எம்சிபிக்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளிக் கேளுங்கள். பிறகு ஃபேன், விளக்கு, ஃபிரிட்ஜ், சார்ஜர் என்று ஒவ்வொன்றாக. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். இரண்டை மாற்றி இரைச்சல் நின்றால் எதனால் நின்றது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே இரைச்சல் வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தச் சோதனையில் நம் வீடுகளில் அடிக்கடி பிடிபடும் ஆட்கள் சிலர் உண்டு. எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர்களில் பல மின்சார அலையை வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கின்றன. நடுவேகத்தில் ஓடும் ஃபேன் அதனால்தான் அதிகம் கரகரக்கும். சதுர அலை இன்வெர்ட்டரில் கரன்ட் இல்லாத நேரத்தில் பதிவு செய்தால் டிராக் முழுக்க அந்த இரைச்சல் படிந்திருக்கும். மேசைமீது கிடக்கும் செல்போன், சிக்னல் குறைந்து பழைய 2ஜிக்கு இறங்கும்போது ‘டிட்டிட்டிட்’ என்று மைக்கில் விழும். அதன் துடிப்பு நொடிக்கு 217 முறை. இவற்றுக்கெல்லாம் மருந்து அணைத்துவைப்பதும் தள்ளிவைப்பதும்தான். லேப்டாப் இங்கேயும் ஸ்பீக்கர் எதிர்ச்சுவர் பிளக்கிலும் இருந்தால் இரண்டும் எர்த் வழியாக ஒருமுறை, ஆடியோ கேபிள் வழியாக இன்னொருமுறை இணைந்து, அந்த வளையத்தில் மின்னோட்டம் சுற்றும். அதுதான் கிரவுண்ட் லூப். எல்லாவற்றையும் ஒரே சுவர் பிளக்கிலிருந்து ஒரே நல்ல எக்ஸ்டென்ஷன் பலகையில் மாட்டுங்கள். ஸ்பீக்கருக்கு பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். பெரும்பாலான கிரவுண்ட் லூப் அதோடு அடங்கும். அப்படியும் அடங்காவிட்டால் நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் வைக்கலாம்.

இங்கேதான் உங்களிடம் கை கூப்பிக் கேட்க வேண்டிய விஷயம் வருகிறது. ஹம் போக வேண்டுமென்றால் மூன்று பின் பிளக்கில் அந்தத் தடித்த எர்த் பின்னை வெட்டிவிடு, இல்லையென்றால் இரண்டு பின் அடாப்டரில் மாட்டு என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். செய்து பார்த்தவர்களும் இருப்பீர்கள். இரைச்சல் நின்றும் இருக்கும். அதனால்தான் அந்த யோசனை இத்தனை ஆண்டுகளாகச் சாகாமல் இருக்கிறது. கருவிக்குள் ஏதாவது கோளாறாகி 230 வோல்ட் உலோக உடலுக்கு வந்துவிட்டால், அந்த மின்சாரம் பூமிக்குப் போக வைத்த வழி அந்தப் பின். அதை வெட்டினால் அடுத்த வழி நீங்கள். கையில் கிட்டார், உதட்டில் மைக். ஒன்றில் மின்சாரம் ஏறியிருந்து மற்றது பூமியோடு சேர்ந்திருந்தால் போதும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில் ‘ஸ்டோன் த க்ரோஸ்’ குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு ரசிகர்கள் முன்னிலையில் மேடையிலேயே இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1976 மே மாதத்தில், ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் தன் சொந்த வீட்டில் எர்த் சரியாக இல்லாத எலக்ட்ரிக் கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். அவருக்கு வயது 33. வீடு என்பதால் மின்சாரம் இரக்கம் காட்டுவதில்லை.

உங்கள் வீட்டுச் சுவரில் மூன்று துளை இருக்கிறது என்பதால் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பழைய வாடகை வீடுகளில் அந்தத் துளை பல சமயம் வெறும் துளை. லேப்டாப்பின் உலோக உடலைத் தடவினால் விரல் ‘சுர்’ரென்கிறது, மைக்கில் உதடு பட்டால் எறும்பு கடித்த மாதிரி இருக்கிறது என்றால் எர்த் சேரவில்லை என்பதற்கு அது ஓர் அறிகுறி. அடாப்டருக்குள் இருக்கும் வடிகட்டும் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்சாரம் அது. பூமிக்குப் போக வழியில்லாமல் உங்கள் ஆடியோ கேபிளில் ஏறிக் கரகரக்கிறது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்த்து, மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் போடச் சொல்லுங்கள். புது மைக்குக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு சிறு பங்குதான் ஆகும். வீட்டுக்காரர் மறுத்தால் சண்டை போட்டாவது வாங்குங்கள்.

அடுத்தது அறை. அறையில் உள்ள கோளாறு ஹம்மைப் போல் தனியாகக் கேட்காது, குரலின் மேலேயே ஒட்டிக்கொண்டு வரும். அதனால்தான் அதை எந்த மென்பொருளாலும் முழுதாகப் பிரிக்க முடிவதில்லை.

1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் விரிவுரை அரங்கம் புதிதாகக் கட்டித் திறந்தபோது உள்ளே ஆசிரியர் பேசியது யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் சொன்னால் ஐந்தரை விநாடி வரை அது அறைக்குள் சுழன்றுகொண்டிருந்தது. சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவரிடம் இருந்தவை ஓர் ஆர்கன் குழாய், ஒரு ஸ்டாப்வாட்ச், தன் காது. ஊர் அடங்கிய நள்ளிரவுக்குப் பிறகு, அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அந்த இரவுகளிலிருந்துதான் இன்றும் உலகம் முழுக்க அரங்கம் கட்டுபவர்கள் பயன்படுத்தும் எதிர்முழக்கச் சூத்திரம் பிறந்தது. உங்களிடம் இருக்கும் இலவச மென்பொருளில் பாதிகூட அவரிடம் இருக்கவில்லை. ஒன்றை மட்டும் மாற்றி, அளந்து, எழுதிவைக்கும் பொறுமை இருந்தது.

நீங்களோ முட்டை அட்டை ஒட்டுகிறீர்கள். அதை ஒட்டச் சொன்னவர்கள்மேல்தான் வருத்தம். தெருவில் போகும் ஆட்டோ சத்தத்தை நிறுத்த எடை வேண்டும், இடைவெளி இல்லாத கதவு ஜன்னல் வேண்டும். காகிதக்கூழ் அட்டையால் அது ஆகாது. அறைக்குள் சுழலும் எதிரொலியையும் அது உச்ச அதிர்வெண்களில் கொஞ்சம் குறைக்குமே தவிர கீழே தொடாது. இரண்டு அங்குல ஃபோம் ஒட்டினாலும் ஏறக்குறைய அதே கதைதான். கீச்சொலி அடங்கி, அடிக்குரல் மட்டும் மிச்சமிருந்து, அறை முன்னைவிடப் பெட்டிக்குள் பேசுவதாகக் கேட்கும்.

கணக்கைப் பாருங்கள். நம் வீடுகளில் படுக்கையறை பல சமயம் பத்துக்குப் பத்து. பத்து அடி என்றால் 3.05 மீட்டர். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சிக்கி நிற்கும் முதல் அலை 56 ஹெர்ட்ஸ், அடுத்தது 112. நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு ஜோடிச் சுவரும் அதே அதிர்வெண்களைத் தூக்குகின்றன. 112 என்பது ஆண்குரலின் அடித்தளம் விழுகிற இடம். பாட்டில் சில சுரம் மட்டும் ‘பூம்’ என்று வீங்குகிறது, பக்கத்துச் சுரம் மெலிகிறது என்று நீங்கள் மைக்கைக் குறை சொல்கிறீர்களே, அது இதுதான். அந்த 112 ஹெர்ட்ஸ் அறையின் நட்டநடுவிலும் மூலைகளிலும் உச்சத்தில் இருக்கும். ஆகவே காசு செலவில்லாத முதல் வைத்தியம், நடுவையும் மூலையையும் விட்டு இரண்டடி இரண்டரையடி நகர்ந்து உட்காருவது. 112 ஹெர்ட்ஸின் அலைநீளம் மூன்று மீட்டர். அதைப் பிடிக்கத் தடிமன் வேண்டும். மூலையில் நிறுத்திய தடித்த ராக்வூல் பலகைகள் அந்த வேலையைச் செய்யும். அது வாங்கும்வரை துணி அடைத்த பீரோவின் கதவைத் திறந்துவைத்து அதன் முன்னால் நில்லுங்கள். இலவம்பஞ்சு மெத்தையைப் பின்னால் நிறுத்துங்கள். தரையில் கனத்த ஜமுக்காளம் விரியுங்கள்.

மைக்குக்கு முன்னால் மேசை இருக்கிறதா என்றும் பாருங்கள். மேசையில் பட்டு 34 சென்டிமீட்டர் கூடுதலாகச் சுற்றி வரும் ஒலி, நேராக வந்த ஒலியைவிட ஒரு மில்லி விநாடி பிந்தி வந்து, 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் குரலைத் தின்றுவிடும். மேசைமேல் ஒரு கம்பளியை விரித்தாலே வித்தியாசம் கேட்கும். ‘கன்டென்சர் மைக் அறையை இழுக்கும், டைனமிக் இழுக்காது’ என்று பலரும் சொல்வதில் பாதிதான் உண்மை. எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்பதுதான் பெரிய காரணம். 60 சென்டிமீட்டரிலிருந்து 15க்கு நெருங்கினால் உங்கள் குரல் மைக்கில் 12 டெசிபெல் கூடும். அறையின் முழக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதாவது ஃபேன் சத்தமும் எதிரொலியும் ஒப்பீட்டில் 12 டெசிபெல் கீழே போகின்றன. இதைச் செய்யாமல் ப்ளக்-இன் வாங்குவது வீண் செலவு. நெருங்கினால் அடிக்குரல் கொஞ்சம் தடிக்கும், ‘ப’வில் காற்று அடிக்கும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றே பக்கவாட்டில் வைத்து, நடுவில் ஒரு பாப் ஃபில்டர் வையுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் கன்டென்சர் மைக்கில் மழைக்காலத்தில் ‘படபட’ என்று வெடிப்பொலி வரும். அது பெரும்பாலும் காப்சூலில் படிந்த ஈரம். பழுதென்று விற்றுவிடாமல் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வைத்து உலரவிட்டுப் பாருங்கள். உச்சத்தில் உடையும் குரலுக்குக் காரணம் கெயின் கூடிப்போனது. 24 பிட்டில் பதிவு செய்யும்போது மீட்டரைச் சிவப்பைத் தொடவைக்க அவசியமே இல்லை, உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நின்றால் போதும். ஹெட்ஃபோனில் குரல் பிந்திக் கேட்டுத் தாளம் தப்பினால் பஃபரைப் பாருங்கள்: 48 கிலோஹெர்ட்ஸில் 1024 என்று வைத்தால் போகும் வழியில் மட்டும் 21 மில்லி விநாடி, திரும்பும் வழியில் இன்னும் அவ்வளவு. 128க்குக் குறையுங்கள், அல்லது இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்துங்கள். புளூடூத் ஹெட்ஃபோனை வைத்துக்கொண்டு பாடவே பாடாதீர்கள்.

சாம்பிள் ரேட்டைச் சொல்லாமல் அனுப்புவது சின்ன விஷயம் போலத் தெரியும். சினிமா வேலைக்கு 48 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். நீங்கள் 44.1இல் பதிந்ததை ஏதோ ஒரு குழப்பத்தில் 48 என்று வாசித்துவிட்டால் பாட்டு கிட்டத்தட்ட 9 சதவீதம் வேகமாகி, சுருதி ஏறக்குறைய ஒன்றரை சுரஸ்தானம் ஏறிவிடும். தம்புராவோடு சேராத அந்தக் குரலைக் கேட்டுப் பாடியவர்மேல் பழி போடுவார்கள்.

இன்னொன்று, கண்டுபிடிக்கவே கடினமானது. ஹெட்ஃபோனில் நன்றாகக் கேட்கிற குரல், செல்போன் ஸ்பீக்கரில் காணாமலே போய்விடுகிறது. மிக்சரின் பேலன்ஸ்டு மோனோ வெளியீட்டை ஸ்டீரியோ உள்ளீட்டில் மாட்டினால் இடது பக்கம் நேர், வலது பக்கம் தலைகீழ் என்று பதிவாகும். இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் கூட்டினால் ஒன்றையொன்று அடித்துச் சுழியாகிவிடும். அனுப்புமுன் ஒருமுறை மோனோவில் கேளுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் குரல் திரும்பிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் கொஞ்சம் இரைச்சல் மிச்சமிருக்கும். இருக்கட்டும். வெற்று அறையின் இரைச்சல் மைனஸ் 60 டெசிபெல்லுக்குக் கீழே இருந்தால் போதும் என்பது அமெரிக்க ஒலிநூல் தளமான ஏசிஎக்ஸ் வைத்திருக்கும் வரம்பு. படுக்கையறையில் எட்டக்கூடிய இலக்குதான் அது. ஆனால் மிக்சிங்கில் கம்ப்ரஸர் போட்டு மெல்லிய சொற்களைத் தூக்கும்போது இரைச்சலும் கூடவே எழும்பும் என்பதை மறக்காதீர்கள். கோரஸுக்காக எட்டு டிராக் பாடினால் அறை இரைச்சல் சுமார் 9 டெசிபெல் ஏறும். ஒரு டிராக்கில் ‘பரவாயில்லை’ என்று விட்டதை எட்டில் அப்படி விட முடியாது.

அந்த மிச்ச இரைச்சலை எடுக்கும் வேலையை மிக்சிங் செய்பவரிடம் விடுங்கள். அவருக்குப் பாட்டு முழுதும் தெரியும். தவில் வரும் இடத்தில் இரைச்சல் யாருக்கும் கேட்காது, அங்கே குரலைத் தொட வேண்டியதே இல்லை; தனிக்குரல் வரும் இரண்டு வரியில் மட்டும் மெல்ல எடுத்தால் போதும் என்பது அவருக்குத்தான் புரியும். உங்கள் அறையில் தனியாக நின்று, ஹெட்ஃபோனில் இரைச்சல் துளிகூட இல்லாமல் போகும்வரை குமிழைத் திருகும்போது அது உங்களுக்குத் தெரிய வழியில்லை. பழுதே இல்லாத கோப்பை யாரும் உங்களிடம் எதிர்பார்க்கவில்லை. மறைக்காத கோப்பைத்தான் கேட்கிறார்கள். ஹம் இருந்தது என்று நீங்களே எழுதி அனுப்பினால் உங்களைப் பற்றிய மதிப்பு கூடும். மிக்சிங் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வார்கள்.

ஆகவே அடுத்த பதிவை அனுப்பும்போது மென்பொருள் தொடாத மூலக் கோப்பை அனுப்புங்கள். தொடக்கத்தில் 30 விநாடி நீங்கள் பேசாத, அறை மட்டும் பேசுகிற ஒலி இருக்கட்டும். இரைச்சலை எடுக்க நேர்ந்தால் அதுதான் அடையாளம் காட்டும். கூடவே எந்த மைக், எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள், சாம்பிள் ரேட் என்ன, எந்த இடத்தில் என்ன சத்தம் விழுந்தது என்று நாலு வரி எழுதுங்கள். சுத்தம் செய்த பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்ப விரும்பினால் அனுப்புங்கள், மூலத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

அதற்கும் முன்னால், இந்த வாரமே, பாடுகிற அறையின் பிளக்கில் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா என்று ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டுங்கள்.